சுண்டை வேரில் கத்தரி

செப்டம்பர் 2, திங்கள்

விற்பனைத் துறையில் இருந்த காலத்தில் ஒரு பயிற்சியாளர் சொன்னார்: தினமும் நாலு வரி எழுதி வைக்கிறவன் தோற்க மாட்டான். அவர் பிறகு என்ன ஆனார் என்று தெரியவில்லை. ஆனாலும் இன்று முதல் எழுதுகிறேன். ஏனென்றால் இன்று முதல் நான் முதலாளி. சரியாகச் சொன்னால், கால் முதலாளி.

நாங்கள் நாலு பேர். ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே, தார்ச்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சேசுராஜின் காட்டில் ஒரு ஷெட். சேசு எலக்ட்ரீசியன், நிலமும் கிணறும் அவனுடையவை. பிரபாவதி தோட்டக்கலை படித்தவள். ஓசூரில் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் ஊர் திரும்பினாள். இந்த யோசனையே அவளுடையதுதான். வீரம்மாள் அக்கா ஐம்பதைத் தாண்டியவர். நிலக்கோட்டைப் பக்கம் ரோஜாச் செடிகளுக்கு ஒட்டுக் கட்டிப் பழகிய கை. நான் நல்லசிவம், பூச்சிமருந்துக் கம்பெனியில் மண்டல மேலாளர் வேலையை விட்டு வந்தவன். விற்பது என் பொறுப்பு. இவர்களுக்கு ஊக்கம் கொடுப்பதும் என் பொறுப்பு என்று நானாக எடுத்துக்கொண்டேன். வேறு யாருக்கும் அது வராது.

தொழில் இதுதான். இந்தப் பக்கத்து மண்ணில் கத்தரிச்செடி காய்ப்புக்கு வரும் நேரம் பார்த்து வேரோடு வாடிப் போகிறது. சுண்டைச் செடியை அந்த நோய் அண்டாது. ஆகவே சுண்டை நாற்றின் தலையைச் சாய்வாகச் சீவி, அதன்மேல் கத்தரிக் கொழுந்தை வைத்து, ஒரு சின்னக் கிளிப் மாட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வேர் சுண்டை, காய் கத்தரி. கிளிப் மாட்டிய நாற்றை ஒரு வாரம் இருட்டிலும் ஈரக்காற்றிலும் வைக்க வேண்டும். அதற்காக ஷெட்டின் ஓரத்தில் கறுப்புத் தார்ப்பாய் கட்டி ஓர் அறை. பிரபா அதை இருட்டறை என்கிறாள். சேசு ஐ.சி.யூ. என்கிறான்.

மேசையின்மேல் என் வெள்ளிக் கோப்பையைக் கொண்டுபோய் வைத்தேன். ‘தென்மண்டலத்தின் சிறந்த ஊக்குநர்’ என்று அதில் பொறித்திருக்கும். பார்த்தால் இவர்களுக்கும் ஒரு வேகம் வரட்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

முதல் ஆர்டர்! கிட்டுசாமி அண்ணன் கார்த்திகை பிறந்ததும் நடுவதற்கு நாற்றுக் கேட்டிருக்கிறார். வருஷா வருஷம் கத்தரி போட்டு, வருஷா வருஷம் வாடலுக்குக் கொடுத்தவர். “சுண்டக்கா வேருல கத்திரிக்கா காய்க்கும்ங்கறீங்க. சரி, குடுங்க. நாத்து நல்லா இருந்தா மார்க்கெட்டு பூரா நானே சொல்றனுங்க. இல்லைன்னாலும் நானேதான் சொல்லுவேன்” என்றார். இதைவிட நல்ல விளம்பரமும் கிடையாது, மிரட்டலும் கிடையாது.

ஷெட்டுக்கு வந்து சொன்னேன். துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தேன். பிரபா எத்தனை தட்டு ஒட்ட வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினாள். சேசு மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டான். வீரம்மாள் அக்கா “சரி தம்பி” என்றார். கிணற்றில் போட்ட கல்தான்.

இந்த ஆர்டர் போனால் என்ன ஆகும் என்று இவர்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. சேசுவின் மாமனார் இந்த நிலத்தைக் கோழிப்பண்ணைக்கு விடச் சொல்லி நச்சரிக்கிறார். பிரபாவை ஓசூர்க்காரர்கள் இன்னும் கூப்பிடுகிறார்கள். கிட்டுசாமி அண்ணன் வாயைத் திறந்தால் அப்புறம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நான் தலையில் துண்டு போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

செப்டம்பர் 9, திங்கள்

பிரபா முன்கூட்டியே விதைத்து வளர்த்திருந்த நாற்றில் ஒட்டிய முதல் பேட்ச் இருட்டறைக்குள் போயிற்று.

காலைக் கூட்டத்தையும் இன்றே ஆரம்பித்தேன். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நான் ஒரு கருத்துச் சொல்வேன். பிறகு மூன்று முறை கைதட்டல். வீரம்மாள் அக்கா கேட்டார்: “என்னத்துக்குத் தம்பி கை தட்டறது? காக்கா வெரட்டவா?”

பிரபா ஒரு விதி போட்டாள். “மொதல் நாலு நாளைக்கு யாரும் கதவைத் திறக்கக்கூடாதுங்க. நானும் திறக்க மாட்டேன். உள்ள இருக்கற ஈரக்காத்து வெளிய போச்சுன்னா கொழுந்து சுருண்டுரும். அதுக்கு இன்னும் வேர் கெடையாது, தண்ணி குடிக்க வாய் இல்லாத பிள்ளை மாதிரி.” எல்லோரும் தலையாட்டினோம். இதைக்கூட ஒரு வாசகமாக எழுதி ஒட்டலாம் என்றேன். பிரபா கதவைத் தாழிட்டாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மதியம், இருட்டறைக்குள் பேனாவை வைத்துவிட்டு வந்த மாதிரி ஒரு நினைவு. போய்ப் பார்த்தேன். அங்கே இல்லை, சட்டைப் பையில்தான் இருந்தது. போனது போயாயிற்று என்று நாற்றையும் ஒரு பார்வை பார்த்தேன். நன்றாகத்தான் நிற்கின்றன. உடனே கதவைச் சாத்திவிட்டேன். ஒரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது.

செப்டம்பர் 12, வியாழன்

இவர்களிடம் திறமை இருக்கிறது, ஒழுங்கு இல்லை. இன்று நான் கவனித்தவை:

சேசு டெஸ்டரை மறந்து வைத்துவிட்டான் என்று மத்தியானச் சாப்பாட்டின் பாதியில் எழுந்து வந்தான். பிரபா டிபன் பாக்ஸை விட்டுவிட்டாள் என்று பொழுது சாயும் நேரத்தில், ஸ்கூட்டரில் குழந்தையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு மறுபடி வந்தாள். நேற்றும் அதே டிபன் பாக்ஸ். வீரம்மாள் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து ஷெட்டைக் கூட்டுகிறார். கூட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை; கூட்டிய மாதிரியும் தெரியவில்லை.

தன் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் ஒரு தொழிலை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்? நாளைக் கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும்.

பேனாவை இன்றும் தேட வேண்டியிருந்தது.

செப்டம்பர் 16, திங்கள்

திறந்தோம். பாதிக்கு மேல் போய்விட்டது. கொழுந்துகள் வதக்கிய கீரையாகத் தொங்கின. பிரபா ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து, பிழைத்ததைத் தனியாக, செத்ததைத் தனியாக வைத்தாள்.

புகைபோலத் தண்ணீர் தெளிக்கும் அந்த மெஷினில்தான் கோளாறு என்கிறான் சேசு. ஈரம் திடீர் திடீரென்று இறங்குகிறதாம். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. மூன்று முறை பிரித்துப் போட்டுவிட்டான். பிளேடு மழுங்கல் என்கிறார் வீரம்மாள் அக்கா. சூடு அதிகம் என்கிறாள் பிரபா.

என் கருத்து வேறு. கோளாறு மெஷினில் இல்லை, மனசில். ஈடுபாடு போதாது. திண்டுக்கல்லில் ஒரு வெள்ளைப் பலகை சொல்லியிருக்கிறேன். இலக்கு, வாரக் கணக்கு, ஒரு பொன்மொழி, எல்லாம் அதில் எழுதலாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

பழைய கம்பெனியின் ரங்கராஜன் சார் கூப்பிட்டார். “உன் நாற்காலி இன்னும் காலியாத்தான் கெடக்கு, நல்லசிவம். விளையாட்டெல்லாம் முடிச்சிட்டு வா. தீபாவளிக்குள்ள சொல்லிடணும்” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மரியாதைக்காகச் சொன்னதுதான்.

மனைவி மேகலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்பட்டுவிடுவாள், அதுதான் பயம். ஷெட்டில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தளபதி ஊசலாடுகிறான் என்று தெரிந்தால் படை என்ன ஆகும்?

செப்டம்பர் 28, சனி

தட்டுகளைக் கழுவிக் காய வைத்தோம். அடுத்த நடவுக்காகச் சுண்டை விதைத்தோம். சுண்டை ஒரு சோம்பேறி விதை. முளைக்கவே மாதம் ஆக்கும், சீவுகிற அளவுக்குத் தண்டு வர இன்னொரு மாதம். கையில் வளர்ந்து நிற்கும் சுண்டை இன்னும் இரண்டு பேட்சுக்குத்தான் வரும். கிட்டுசாமி அண்ணனுக்கு அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

என் கோப்பையில் யாரோ கிளிப்புகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டுத் துடைத்து வைத்தேன். சாயங்காலம் மறுபடி கிளிப்.

அக்டோபர் 7, திங்கள்

இரண்டாவது பேட்ச் உள்ளே போயிற்று. கூடவே ஒரு பரிசுத் திட்டத்தையும் இன்று ஆரம்பித்தேன். வாரத்தின் சிறந்த உழைப்பாளிக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. சேசுவுக்குக் கொடுத்தேன். அவன் வாங்கி, “எனக்கெதுக்குண்ணே, அக்கா டீ வாங்கப் போறப்ப சொம்பு சுடுது சுடுதுங்குது” என்று அங்கேயே வீரம்மாள் அக்காவிடம் நீட்டிவிட்டான். அக்கா அதில் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். டீ நன்றாக இருந்தது. திட்டத்தின் நோக்கம் மட்டும் யாருக்கும் எட்டவில்லை.

அக்டோபர் 9, புதன்

பழனிப் பக்கம் நாலைந்து விவசாயிகளைப் பார்க்கப் போயிருந்தேன். கிட்டுசாமி நாற்று எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். எல்லோருக்கும் அவர் ஒருவர்தான் பரீட்சைப் பேப்பர்.

திரும்பி வந்தால் ஷெட்டில் நாலு டீ கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. இருப்பது மூன்று பேர், குடித்தது நாலு டீ. நான் இல்லாத அன்றைக்கு இதுதான் நடக்கிறது. மூன்று பேரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சேசு ஏதோ கேட்க வந்து, “சாப்டீங்களாண்ணே?” என்று முடித்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

உள்ளே ஒரு எட்டுப் பார்த்தேன். பரவாயில்லை போலத்தான் இருக்கிறது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் பிளேடு, மோட்டார், தெளிக்கிற மெஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். சேசுவும் தன் டெஸ்டருக்கு ஒரு பொட்டு வைத்தான். பொரி கடலை தின்றுவிட்டு, பூசையில் வைத்த கருவியை நாளைவரை தொடக்கூடாது என்று ஷெட்டைச் சாத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். கதவைச் சாத்தினோமா என்று ஒரு சந்தேகம். மேகலாவிடம் பேனாவை விட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஷெட் சாத்தித்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்ததற்கு என்று இருட்டறைக்குள் போய்க் கதவை இழுத்துக்கொண்டேன். கும்மிருட்டு. முகத்தில் ஈரம் படிந்தது. கண் பழகட்டும் என்று ஓரமாக நின்றேன்.

கதவு திறந்தது. ஒரு கீற்று வெளிச்சம், ஓர் உருவம், மறுபடி இருட்டு. திருடனாக இருந்தால் கத்தலாம். இவனோ மெல்லிய குரலில் நாற்றுகளிடம் பேசுகிறான்: “ஒட்டிக்கங்கடா சாமிகளா. மாதாவே, இந்தத் தடவை ஒட்ட வெச்சிரு.” சேசு! பூசை நாளில் முதலாளி ஒருவன் இருட்டில் ஏன் நிற்கிறான் என்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பேசாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மறுபடி கதவு. இந்த முறை வளையல் சத்தம். வந்தவர் நேராக சேசுவின் மேல் மோத, “ஐயோ முனியப்பா!” என்று ஓர் அலறல். அந்த அலறலில் சேசு அலற, பின்னால் நகர்ந்து என் காலை மிதிக்க, நானும் அலறினேன். அப்போது கதவு அகலத் திறந்தது. இடுப்பில் குழந்தை, கையில் செல்போன் வெளிச்சம். பிரபா.

குழந்தை மட்டும் எங்களைப் பார்த்துக் கை தட்டியது.

“டெஸ்டர்...” என்றான் சேசு.

“கூட்டலாம்னு...” என்றார் வீரம்மாள் அக்கா.

நான் பேனாவைத் தூக்கிக் காட்டினேன்.

பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று தெரியவில்லை. “நாந்தானுங்க ரூல் போட்டேன். நானும்தான் தெனமும் சாயங்காலம் வந்து திறந்தேன். ஒரு தடவைதானேன்னு. எல்லாரும் ஒரு தடவைதான். இது இருட்டறை இல்லீங்க சார், பஸ் ஸ்டாண்டு.”

சேசு தலையில் அடித்துக்கொண்டான். “ஈரம் எறங்குது எறங்குதுன்னு நான் மெஷினைப் பிரிச்சிப் பிரிச்சிப் போட்டேனே! எறக்குனதே நாமதானா?”

“ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைங்கறது நம்ம கதைதான்” என்றார் வீரம்மாள் அக்கா.

வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதும் ஒன்று உறுத்துகிறது. ஈடுபாடு போதாது என்று பலகை வாங்கி வைத்தேன். இந்த மூன்று பேருக்கும் இருந்த ஈடுபாட்டில்தான் நாற்று செத்திருக்கிறது. மூன்று பேர் என்றா எழுதினேன்? நாலு.

அக்டோபர் 14, திங்கள்

இரண்டாவது பேட்ச் முக்கால்வாசி போயிற்று. எதிர்பார்த்ததுதான். யார்மேலும் யாரும் குற்றம் சொல்லவில்லை. சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை.

மிச்சம் இருக்கிற சுண்டை ஒரே ஒரு பேட்சுக்கு.

என் பழைய முழுக்கைச் சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன். தீபாவளிக்குத்தான்.

அக்டோபர் 19, சனி

மழை. பலகையில் நான் எழுதி வைத்த பொன்மொழியைத் துடைத்துவிட்டுப் பிரபா அதில் விதைத்த தேதிகளை எழுதியிருக்கிறாள். விட்டுவிட்டேன். தேதிதான் உபயோகம்.

ரங்கராஜன் சார் இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை. சிக்னல் இல்லாத இடம் இது.

அக்டோபர் 24, வியாழன்

விடிந்ததிலிருந்து நாலு பேரும் ஒட்டினோம். நான்கூட கிளிப் மாட்டினேன். வீரம்மாள் அக்கா நான் மாட்டியதை எடுத்துப் பார்த்து, கழற்றி, தானே மாட்டினார். கடைசித் தட்டு உள்ளே போனதும் யாரும் கதவை விட்டு நகரவில்லை. சாத்தினால் நாலு நாளைக்குத் திறக்கக்கூடாது. நாலு பேருக்கும் நாலு பேர்மேலும் சந்தேகம்.

பூட்டுப் போடலாம் என்றேன். சாவி யாரிடம் என்று சேசு கேட்டான். சாவி வைத்திருக்கிறவனை யார் காவல் காப்பது?

வீரம்மாள் அக்கா வெளியே போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்தார். மஞ்சள் தடவிய நூலை முந்தானையிலிருந்து எடுத்தார். முன்பே முடிவு செய்து கொண்டுவந்திருக்கிறார். கதவின் தாழ்ப்பாளில் சுற்றிக் கட்டினார்.

“எங்க ஊர்ல நோம்பிக்குக் காப்புக் கட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் ஒருத்தரும் ஊர் எல்லையத் தாண்டக்கூடாது. இங்க இந்த நெலவாசலைத் தாண்டக்கூடாது. நம்பறவங்க சாமிக்காக இருங்க. நம்பாதவங்க எனக்காக இருங்க.”

“நான் மாதாவுக்காக இருக்கேங்க்கா” என்றான் சேசு. ஈரத்தைக் காட்டும் மீட்டரையும் அவன் ஒயர் இழுத்து வெளிச்சுவரில் மாட்டிவிட்டான். இனி உள்ளே போகாமலே எண் தெரியும்.

அக்டோபர் 25, வெள்ளி

மீட்டருக்கு எதிரே பெஞ்சைப் போட்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காருவதுபோல. சேசு வைத்த பெயர் சரிதான். ஒருவர் எழுந்தால் மற்ற மூவரும் எங்கே என்று கேட்கிறோம். பிரபா தன் கணவரைப் பற்றி, ஓசூரைப் பற்றிச் சொன்னாள். வீரம்மாள் அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறாராம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

காலைக் கூட்டம் நடத்த மறந்துவிட்டேன். யாரும் நினைவுபடுத்தவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

சேசு கோயிலுக்குப் போயிருந்தான். பிரபாவின் குழந்தைக்குச் சளி. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீரம்மாள் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். நான் மட்டும் பெஞ்சில். உச்சி வேளை, மழை விட்டுச் சுள்ளென்று வெயில். கரண்ட் போயிற்று.

மெஷின் நின்றது. மீட்டரில் எண் இறங்க ஆரம்பித்தது. எழுந்து கதவருகே போனேன். உள்ளே என்ன ஆகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்போல் கை பரபரத்தது. தாழ்ப்பாளில் வேப்பிலை வாடிக் கிடந்தது. அதைத் தொட்டேன். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை: என் வாழ்க்கையில் கடினமான வேலைகளில் இது ஒன்று.

சாக்குகளை எடுத்துத் தொட்டியில் முக்கித் தார்ப்பாயின்மேல் வெளிப்பக்கமாகப் போர்த்தினேன். காய்ந்தது. குடம் குடமாக ஊற்றினேன். யாரையாவது கூப்பிடலாம் என்று போனைத் தேடும்போதே ஸ்கூட்டர் சத்தம். பிரபா, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு. “வீட்ல கரண்ட் போச்சுங்க, அப்பவே கெளம்பிட்டேன்” என்றாள். பின்னாலேயே வீரம்மாள் அக்கா, பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகியபடி. பெண் பார்க்க வந்தவர்களைப் பஜ்ஜி தின்ன வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடைசியாக சேசு, வெள்ளைச் சட்டையில், பைக்கின் பின்னால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு. “பூசை முடியலண்ணே. ஃபேன் நின்னுச்சு, எந்திரிச்சிட்டேன்.”

நான் யாரையும் கூப்பிடவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும். ஒருவரையும் கூப்பிடவில்லை.

பேட்டரியை மாட்டி மெஷின் ஓட ஆரம்பித்தபோது மேசையில் இருந்த என் போன் அடித்தது. என் இரண்டு கையிலும் குடம். சேசு எடுத்துப் பெயரைப் பார்த்தான்.

“ரங்கராஜன் சாருண்ணே. தீபாவளிக்குள்ள சொல்லணும்னாருல்ல, அதுக்காத்தான் இருக்கும்.” ஈ.பி. ஆபீசிலிருந்து போன் என்று சொல்கிற அதே சாதாரணக் குரல்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“அவருதான் இங்க வந்தாரே. நீங்க பழனி போயிருந்தப்ப. டீ குடிச்சாரு. ‘நல்ல மனுசன், அவரை இதுல போட்டுச் சிக்க வெக்காதீங்க’ன்னு எங்ககிட்டச் சொல்லிட்டுப் போனாரு.”

நாலாவது கிளாஸ். குடத்தைக் கீழே வைத்தேன். போன் அடித்து ஓய்ந்தது.

“தெரிஞ்சுமா நீங்க யாரும் என்னைக் கேக்கல?”

பிரபா சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அன்னைக்கே கேக்கணும்னுதாங்க சார் இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் ரெண்டு நாள்ல இருட்டறைக்குள்ள எல்லாரும் மாட்டிக்கிட்டமல்ல. அதுக்கப்புறம் வேண்டாம்னு பேசிக்கிட்டோம்.”

“ஒட்டு வெச்சதைத் தொறந்து தொறந்து பாத்தா புடிக்குமா தம்பி?” என்றார் வீரம்மாள் அக்கா. “புடிக்கறது தானாப் புடிக்கட்டும்னு விட்டுட்டோம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. குடத்துத் தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டேன். மூன்று பேரும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் ஏற ஆரம்பித்திருந்தது.

அக்டோபர் 28, திங்கள்

எண் நிற்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 29, செவ்வாய்

காப்பை அவிழ்த்தோம். பிரபா கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து, தலையை உள்ளே விட்டாள். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. சேசு, “சொல்லும்மா” என்றான். அவள் நகர்ந்து இடம் விட்டாள். முறை வைத்து ஒவ்வொருவராகப் பார்த்தோம்.

நிற்கின்றன. அங்கொன்று இங்கொன்று தவிர, எல்லாம் தலை நிமிர்ந்து நிற்கின்றன.

வீரம்மாள் அக்கா மூன்று முறை கை தட்டினார். “காக்கா வெரட்டத்தான்” என்றார் என்னைப் பார்த்து.

அக்டோபர் 30, புதன்

ரங்கராஜன் சாரை நானே கூப்பிட்டேன். வரவில்லை என்றேன். “அங்க என்னய்யா இருக்கு? ஆளுங்களைத் தள்ளிவிட்டு வேலை வாங்க உன்னை மாதிரி இங்க ஒருத்தன் இல்ல” என்றார். இங்கே யாரையும் தள்ளிவிட வேண்டியதில்லை சார், பிடித்து நிறுத்துவதுதான் பாடாக இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. போன மாதம் சொல்லியிருந்தால் எனக்கும் புரிந்திருக்காது.

மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இஸ்திரி போட்ட சட்டையை பீரோவுல வெச்சப்பவே தெரியும். எப்பத்தான் சொல்றீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்” என்றாள். போகாததில் வருத்தமா என்று கேட்டேன். கொஞ்சம் இருக்கு என்றாள். அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வரச் சொன்னாள். போய் வாங்கி வந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

கிட்டுசாமி அண்ணன் டெம்போவோடு வந்தார். தட்டைப் பார்த்தார், வேரைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்றைப் பிடுங்கி, ஒட்டிய இடத்துக்கு மேலும் கீழும் விரலைக் கொடுத்து வளைத்தார். எங்கள் நாலு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் “ஐயோ” வந்தது. படக்கென்று முறிந்தது.

அவர் முறிந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டுக்கு மேலே, கத்தரித் தண்டில் முறிந்திருந்தது. ஒட்டு அப்படியே இருந்தது.

“சரி, ஏத்துங்க” என்றார். ஏற்றும்போது, “ஒரு நாத்துக்கே நாலு பேரும் இந்தக் கத்துக் கத்தறீங்களே” என்று சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 5, வியாழன்

செப்டம்பரில் விதைத்த சுண்டை தயார். கிட்டுசாமி அண்ணன் சொன்னபடியே மார்க்கெட்டில் சொல்லியிருக்கிறார். பழனிக்காரர்கள் இருவரும், அவருடைய பங்காளி ஒருவரும் கேட்டிருக்கிறார்கள். இன்று ஒட்டி உள்ளே வைத்தோம். நான் மாட்டியதில் சிலவற்றை வீரம்மாள் அக்கா கழற்றாமல் விட்டார். கிளிப்புக்கு இப்போதெல்லாம் என் கோப்பைதான். அளவாக இருக்கிறது.

இந்த முறை காப்புக் கட்டும் முறை என்னுடையது. கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் சட்டைப் பையைத் தொட்டேன். பேனா இல்லை. தட்டுகளில் தேதி எழுதியபோது மூன்றாவது தட்டின் ஓரத்தில் வைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நிஜமாகவே உள்ளே மாட்டிக்கொண்டது.

இதை மகளின் பென்சிலால் எழுதுகிறேன்.